சாப்பாட்டுக்கூடச் சுவரில் அக்கா வீட்டு விலாசம்

போர்ட் பிளேரில் அரசாங்க வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்துபஸ்தியில் ஒரு மெஸ்ஸில் தங்கியிருந்தேன். அங்கே எல்லோரும் தனிக்கட்டைகள். யாராவது காய்ச்சலில் விழுந்தால் ஊருக்குத் தகவல் சொல்ல வேண்டுமே என்று, சமையற்காரர் எங்கள் வீட்டு விலாசங்களைச் சாப்பாட்டுக்கூடச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தார். எனக்குப் பெற்றோர் இல்லை. மதுரையில் இருந்த அக்கா வீட்டு விலாசத்தைக் கொடுத்திருந்தேன்.

சுவரை நாங்கள் மட்டுமா பார்த்தோம்? கப்பலுக்குக் காத்திருந்த வியாபாரி ஒருவர் இரண்டொரு வேளை எங்களோடு சாப்பிட்டார். மெயின்லேண்ட் போனதும் நேராக அக்கா வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். என் உயிர்ச் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டு நாள் கணக்கில் விருந்து சாப்பிட்டிருக்கிறார். பேச விஷயம் தீர்ந்துபோனதும், எனக்கு ஒரு வங்காளிப் பெண்ணோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று அளந்துவிட்டிருக்கிறார்.

அடுத்த கப்பலிலேயே அக்காவும் அத்தானும் வந்து இறங்கினார்கள். கடல் ஒத்துக்கொள்ளாமல் அத்தான் துவண்டுபோயிருந்தார். அக்கா துறைமுகத்திலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பொண்ணு எங்கடா?"

"எந்தப் பொண்ணு?"

வந்தவரின் அடையாளத்தை அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. மெஸ்ஸுக்குக் கூட்டிவந்து சுவரைக் காட்டினேன். அவள் கோபம் வேறு பக்கம் திரும்பியது.

"அது என் வீட்டு விலாசம்டா. யாரைக் கேட்டுக் குடுத்த? இவரு வேலைக்குப் போயிட்டா நான் ஒத்தையில இருக்கிற வீடு."

சமையற்காரர் ஓடிவந்து, தீவின் இந்தி கலந்த தமிழில் சமாதானம் சொன்னார். "அக்கா, யாராச்சும் பீமார் ஆனா வீட்டுக்குக் கபர் அனுப்பணும்ல, அதுக்குத்தான்..."

"அதுக்கு ஊரே படிக்கணுமா?"

அன்று மாலையே சுண்ணாம்பு அடித்தோம். அத்தானும் தெம்பு வந்து ஒரு மட்டையைப் பிடித்தார். அதன்பிறகு விலாசங்கள் ஒட்டிய உறைகளுக்குள் போய், சமையற்காரரின் டிரங்குப் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. ஊரில் கேட்டுச் சம்மதம் வாங்கியவர்கள் மட்டும் கொடுத்தோம்.

சில மாதம் கழித்து அந்த வியாபாரி மறுபடி வந்தார். எங்களில் ஊருக்குப் போயிருந்த ஒருவரின் வீட்டு விலாசத்தைக் கேட்டார்.

"அவரைக் கேக்காமக் கிடையாது பாய்," என்றார் சமையற்காரர். "கானா வேணும்னா உட்காருங்க."

உட்கார்ந்தார். எதிரே என்னைப் பார்த்ததும் கொஞ்சமும் கூசாமல் கேட்டார்:

"அக்கா சௌக்கியமா?"