குளிக்க ஓர் இடம்

போன தீபாவளிக்கு அடுத்த கிழமை என் கணவருக்குப் பாரிசவாதம் வந்தது. பேச்சு திரும்பி வந்தது, கை அரைவாசி வந்தது, இடது கால் மட்டும் வரவில்லை. கால் செத்துப்போனது என்று நான் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நித்திரையில் இருக்கிறது, எழும்பும் என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்லிக்கொண்டிருந்தால் யார் அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவது?

களுபோவில வைத்தியசாலையில் அவருக்குப் பயிற்சி கொடுத்த சிங்களப் பிள்ளை அந்தக் காலைத் தூக்கி, மடக்கி, நீட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: “ஆன்ட்டி, வத்துரே எவிதின்ன ஓன.” தண்ணீருக்குள் நடக்க வேண்டும். நெஞ்சளவு தண்ணீரில் உடம்பின் பாரம் தெரியாது, கால் தானாக அடுத்த அடி வைக்கப் பார்க்கும் என்றாள். முதல் வருடத்துக்குள் செய்ய வேண்டும், அதற்குப் பிறகு மிகவும் கஷ்டம் என்றும் சொன்னாள். ஓட்டோவில் வரும்போது அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ அந்த ஒரு வருடம் அப்போதே கரையத் தொடங்கிவிட்டது.

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கையொன்றில். யன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்தான். ஆனால் அதைத் தொடுவதற்கு ரயில் தண்டவாளத்தைக் கடந்து கருங்கற்களில் இறங்க வேண்டும். ஒரு நாள் இறக்கிப் பார்த்தேன். முதல் அலையே அவரைக் கல்லோடு சாய்த்தது. முழங்கையில் இரத்தம் வழிய, “நீர் என்னைக் கொல்லப் பாக்கிறீர்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹோட்டல் நீச்சல் தடாகம் அங்கே தங்குபவர்களுக்கு. பாடசாலைத் தடாகம் மாணவர்களுக்கு. கழகத் தடாகம் அங்கத்தவர்களுக்கு. தொலைபேசியில் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், ஓரிடத்தில் அழுதும் பார்த்தேன். மிகவும் மரியாதையாக இல்லை என்றார்கள். சுற்றிவரத் தண்ணீர் உள்ள ஒரு தீவில், ஒரு மனிதன் நெஞ்சளவு தண்ணீரில் நிற்க ஓர் இடம் இல்லை. இதை நினைத்து நான் குசினியில் நின்று பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாகப் போட்டுக் கழுவிய நாட்கள் உண்டு.

பாமன்கடைப் பக்கம் ஒரு பழைய பட்மின்டன் மண்டபம் சும்மா கிடந்தது. கூரை ஒழுகிப் பலகைத் தரை ஊதிப்போய், காகங்கள் மட்டும் போய் வந்தன. அதைத் தடாகமாக மாற்றக் கேட்கலாம் என்ற யோசனை கீழ் மாடியில் இருக்கும் அண்ணையுடையது. இரத்மலானையில் ஒரு தொழிற்சாலையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். “தங்கச்சி, கட்டடம் இருக்கு, சுவர் இருக்கு. நடுவில கிண்டித் தண்ணி விட்டாச் சரி. ஊருக்கே பிரயோசனம்” என்றார். முழங்கால் நோக்காரர்கள், இழுப்புக்காரப் பிள்ளைகளின் தாய்மார் என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. தேர்தல் கிட்டி வந்த நேரம், ஆகையால் மாநகர சபையில் பொறுப்பான அதிகாரியே மண்டபத்துக்கு வந்தார்.

எங்களுக்காகப் பேசியது அண்ணைதான். எங்களுக்குள் அவருடைய சிங்களம்தான் திறம். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பேப்பரில் நீச்சல் தடாகம் என்று வாசிப்போமே தவிர, எங்கள் வாயில் வருவது குளிப்புத்தான். கடல் குளிக்கப் போனோம் என்போம், ஹோட்டலில் குளித்தோம் என்போம். நீந்தினோம் என்று சொல்பவரை நான் இன்னும் காணவில்லை. அண்ணை அந்தக் குளிப்பை அப்படியே சிங்களத்துக்குக் கொண்டுபோனார்.

“மாத்தயா, அபிட நான்ன தெனக் ஓன. லொகு டாங்கியக்.”

எங்களுக்குக் குளிக்க ஓர் இடம் வேண்டும், பெரிய தொட்டி ஒன்று. அதிகாரி இரக்கத்தோடு தலையாட்டினார். “வத்துர பிரஷ்னே, நே?” என்று கேட்டார். தண்ணீர்தான் பிரச்சினை, இல்லையா?

“ஓவ், ஓவ்! வத்துர தமய் பிரஷ்னே!” என்றார் அண்ணை.

தண்ணீர்தானே எங்கள் பிரச்சினை! நாங்கள் கை தட்டினோம். எல்லாரையும் விடச் சத்தமாகத் தட்டியது நான்.

வேலை தொடங்கியபோது எனக்கு நம்பவே முடியவில்லை. மண்டபத்தைச் சுற்றித் தகரம் அடித்திருந்தார்கள். உள்ளே சீமெந்து போனது, குழாய் போனது, நீல மாபிள் போனது. அண்ணை தகரத்தின் ஓட்டையால் பார்த்துவிட்டு வந்து சொல்வார்: “தொட்டி எழும்புது தங்கச்சி.” தொட்டி எழும்பக் கூடாது, இறங்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் படவில்லை. தண்ணீரில் இறங்கவென்று நான் என் கணவருக்கு ஒரு நீலக் காற்சட்டை வாங்கினேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்து, “ஆள் எப்பிடி?” என்று கேட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தேன்.

திறப்பு விழாவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். உள்ளே சுவரோரம் வரிசையாகக் குழாய்கள். நடுவில், நெஞ்சளவு உயரத்தில், நாலு பக்கமும் கட்டியெழுப்பிய ஒரு தண்ணீர்த் தொட்டி. அள்ளிக் குளிக்க வாளிகள். தொட்டியில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. தமிழில், “உள்ளே இறங்க வேண்டாம்.”

நான் அதிகாரியிடம் ஓடினேன். என் சிங்களம் மீன்காரனோடு பேரம் பேசப் படித்தது, அதுவும் அன்றைக்குத் தடுமாறியது. அவர் குழம்பிப்போய், “ஓயாலா இல்லுவே மேக்க நே?” என்றார். நீங்கள் கேட்டது இதைத்தானே? பக்கத்தில் அண்ணை வியர்த்துக்கொண்டு நின்றார். “பீனன்ன... பீனன்ன எண்டெல்லோ சொல்லியிருக்க வேணும்” என்று முணுமுணுத்தார். நீந்துவதற்குச் சிங்களத்தில் வேறு சொல். அவருக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அவரை ஏசக்கூட என்னால் முடியவில்லை, அவருடைய இடத்தில் நின்றிருந்தால் குளிப்பதற்கான ‘நான்ன’ என்றுதான் நானும் சொல்லியிருப்பேன்.

இன்னும் கொடுமை என்னவென்றால், அந்த இடம் வீண்போகவில்லை. காலி வீதிக் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்ய மலைநாட்டிலிருந்து வந்து, ஓர் அறையில் பல பேராக இருப்பவர்கள் வாளியோடு வந்தார்கள். அவர்களுடைய முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்து என் வயிறு எரிந்தது. அப்படி எரிந்ததற்காக என் மேலேயே வெறுப்பும் வந்தது.

வருடம் முடியக் கொஞ்ச நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம், காவலாளி சாப்பிடப் போயிருந்த நேரம், அண்ணையும் நானுமாக அவரைத் தூக்கித் தொட்டிக்குள் இறக்கினோம். அவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த ஆடாத இடது கால் தண்ணீருக்குள் மெல்ல மிதந்து, முன்னால் போய், தரையில் பதிந்தது. பிறகு இன்னொரு தரம்.

“இஞ்சேரும்! போகுது! பாரும், போகுது!” என்று கத்தினார்.

அப்போது வாளியோடு வந்த ஒரு பெண் ஓடிவந்தாள். “ஐயாவ வெளிய தூக்குங்கம்மா! நாங்க பல்லு வெளக்கிற தண்ணிம்மா அது!” அவளுக்குப் பின்னால் இன்னும் பல பேர். அவள் சொன்னது நியாயம். அந்த நியாயத்தின் முன்னால் என் நீள வாய் அடைத்துப் போயிற்று. காவலாளி வந்து விசில் ஊதினான். ஈரத்தோடு அவரை வெளியே தூக்கினோம். தூக்கும்போது அந்தக் கால் திரும்பவும் மரக்கட்டையாகத் தொங்கியது.

அடுத்த முறை போனபோது தொட்டிக்கு இரும்பு வலை போட்டிருந்தது, வாளி போகுமளவுக்கு மட்டும் ஒரு வாசல் விட்டு.

இந்தத் தீபாவளியும் வந்து போய்விட்டது. களுபோவிலப் பிள்ளை இப்போது காலைப் பற்றிக் கதைப்பதில்லை, நாற்காலியை எப்படி மடிப்பது என்று காட்டித் தருகிறாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் அங்கே போகிறோம், அவர்தான் போக வேண்டும் என்கிறார். அவரைக் குழாயடியில் இருத்தி, அந்த நீலக் காற்சட்டையோடு, தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றுகிறேன். அப்போது அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் அடுத்த வாளியை அள்ளுவேன்.

போகும் வழியில் ஒழுங்கையில் யாராவது, “எங்கை வெளிக்கிட்டிட்டியள்?” என்று கேட்பார்கள்.

“குளிக்க” என்பேன் நான்.

“நீந்த” என்று அவர் திருத்துவார்.