ஏறும்போது நிறையும், இறங்கும்போது வற்றும் டேங்க்

தர்ஷி, கபில், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து இதை வாசியுங்கள்.

கபில், போன ஞாயிற்றுக்கிழமை நீ திகனவுக்குப் புறப்பட்டபோது பெற்றோல் இருக்கிறதா என்று கேட்டேன். "மீற்றர்ல ரெண்டு கோடு காட்டுதுப்பா, தாராளமா போய் வரலாம்" என்றாய். உன் பைக் நம் வாசல் சரிவில் முன்சில்லை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. நான் வாய் திறப்பதற்குள் ஹெல்மட்டைப் போட்டுவிட்டாய். தர்ஷி, உன் ஸ்கூட்டரிலும் அதே கோடுகள்தான், ஆகவே இது உனக்கும். நான் அதிகம் படித்தவன் இல்லை. டேங்குக்குள் நடப்பதை விஞ்ஞானமாக விளக்க எனக்கு வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

1. பாமசி வாசல்

நீங்கள் இருவரும் சின்னப் பள்ளிக்கூடம் போன காலம். கண்டியில் இப்போது பார்க்கிற அதே வேலைதான், பாமசியிலிருந்து மருந்துகளைப் பைக்கில் கொண்டுபோய்க் கொடுப்பது. மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், நனைந்த சாரத்தோடு ஒருவர் உள்ளே வந்தார். பெயர் ராசு. ஹந்தானைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் பிடிக்கிறவர். அவருடைய மகள் பவிக்கு ஏழு வயது. தினமும் காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டிய பிள்ளை. அன்று காலை ஊசி போட்ட கையோடு மருந்துப் போத்தல் கீழே விழுந்து உடைந்துவிட்டது.

"அந்தி ஊசி போடாம சோறு குடுக்கக் கூடாதுங்க. ஊசி தப்பினா புள்ள படுத்துரும்னு நேர்ஸம்மா சொல்லியிருக்காங்க. மண்ணு சரிஞ்சு பஸ்ஸும் இல்ல. த்ரீவீல்காரன் ரோட்டப் பாத்துட்டு வரமாட்டேங்குறான்."

பாமசி முதலாளி, நாங்கள் 'நானா' என்று கூப்பிடுகிறவர், பேசிக்கொண்டே புதுப் போத்தலைத் துணியில் சுற்றி, ஐஸ் போட்ட ப்ளாஸ்குக்குள் இறக்கினார். என்னைப் பார்த்து, "பைக் எண்டா ஓரத்தால பெய்த்திரலாம். இவர ஏத்திக்கிட்டு போங்க. பெற்றோல் ஈக்கிதா?" என்றார்.

நான் வாசலில் நின்றே எட்டிப் பார்த்தேன். பெற்றோல் கேஜில் முள் கால் டேங்கைத் தாண்டி நின்றது. "இருக்கு நானா" என்றேன்.

அந்த வாசல் எப்படிப்பட்ட சரிவு என்று உங்களுக்குத் தெரியும். சைக்கிள்கூட கல் வைக்காமல் நிற்காது. என் பைக்கும் மேலே பார்த்துத்தான் நின்றது.

2. முள் ஏறியது

மலை ஏறத் தொடங்கினோம். வழியில் பெற்றோல் செட்டில் நீளமான வரிசை.

"போட்டுக்குவோமாண்ணே?" என்றார் ராசு.

"முள்ளப் பாருங்க. தேவையில்ல."

அவர் என் தோளுக்கு மேலால் பார்த்தார். இன்னும் இரண்டு வளைவு போனபின் மறுபடி பார்த்தார். "அண்ணே, முள்ளு ஏறுது!"

உண்மைதான். இரண்டு பேரைச் சுமந்து முக்கிக்கொண்டு ஏறுகிற பைக்கில் பெற்றோல் குறைய வேண்டும். முள்ளோ அரை டேங்கை நோக்கிப் போகிறது.

"ஒங்க டேங்க்ல ஊத்து ஏதும் இருக்காண்ணே? இருந்தா சொல்லுங்க, நம்ம லயத்துப் பக்கமும் ஒண்ணு தோண்டுவோம்."

சிரித்துக்கொண்டே போனோம். மண் சரிந்த இடத்தில் இறங்கி, தள்ளி, மறுபடி ஏறி உட்கார்ந்தோம். உச்சியைத் தாண்டினோம். இறக்கம் ஆரம்பித்தது. முள் மெல்லச் சாய்ந்து, கால் டேங்கைக் கடந்து, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது.

அடியில் மிஞ்சியதாவது வரட்டும், ரிசேவில் போடலாம் என்று பெற்றோல் குழாயின் திருகைத் தடவினேன். அது ஏற்கனவே ரிசேவில்தான் இருந்தது. கேஜ் உள்ள பைக்குக்கு ரிசேவ் எதற்கு என்று எப்போதும் அதிலேயே விட்டு ஓடுவது என் வழக்கம். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

எஞ்சின் இல்லாமல் உருண்டோம். தேயிலையின் மேல் மழை விழுகிற சத்தமும் பிரேக் உரசுகிற சத்தமும்தான் கேட்டன. முதுகில் ப்ளாஸ்க் அழுத்தியதில் ராசு அதை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று தெரிந்தது.

கீழே ஒரு சின்னப் பாலம், அதைக் கடந்ததும் ரோடு மறுபடி மேலே ஏறுகிறது. உருண்ட வேகத்தில் பைக் கொஞ்சத் தூரம் ஏறி நின்றுவிட்டது.

"நான் எறங்கி ஓடுறேண்ணே. குறுக்குப் பாதையில போனா இருட்டுறதுக்கு முந்திப் போய்ச் சேரலாம்" என்று இறங்கிவிட்டார். அந்த மழையில், அந்தப் பாதையில், சேர முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

வேறு ஒன்றும் தோன்றாமல்தான் கிக்கரை உதைத்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"ஏறுங்க! ஏறுங்க!" என்று கத்தினேன். ஏறினார். முள்ளைப் பார்த்தேன். செத்துக் கிடந்த முள், ரோடு நிமிர நிமிரத் தானும் எழும்பியது. தினமும் என் தொடைகளுக்கு நடுவில் இருக்கிற டேங்க்தான். அன்று அதைப் பார்க்க எனக்குப் பயமாகவே இருந்தது.

3. சமதரை

லயங்களின், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின், தகரக் கூரைகள் தெரிகிற இடத்தில் ரோடு சமமாகிறது. அங்கே மறுபடியும் நின்றது. உதைத்தேன், உதைத்தேன், ஒன்றுமில்லை. ஸ்டாண்டில் போட்டுவிட்டு மூடியைத் திறந்து பார்க்கலாம் என்று இறங்கினேன். சேற்றில் ஸ்டாண்ட் புதைந்து, பைக் இடது பக்கமாகத் தரையோடு தரையாகச் சாய்ந்தது. அதோடு நானும் விழுந்தேன். ராசுவும் சறுக்கி உட்கார்ந்துவிட்டார், ஆனால் ப்ளாஸ்க் மட்டும் அவர் தலைக்கு மேலே நின்றது.

"இது விழலண்ணே. நீங்க எந்திரிங்க."

பைக்கைத் தூக்கி நிறுத்தினோம். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபடி கிக்கரை உதைத்தேன். முதல் உதையிலேயே எஞ்சின் பேசியது.

ராசு பைக்கைக் கையெடுத்துக் கும்பிட்டார். "இதுவும் நம்ம சூப்பவைசர் மாதிரிதாண்ணே. ஒருக்கா விழுந்தாத்தான் புத்தி வரும்."

லயத்து வாசலில் பவியின் அம்மா காத்து நின்றாள். உள்ளே மூடி வைத்த சோற்றுக் கோப்பைக்கு முன்னால் பவி உட்கார்ந்திருந்தாள். சோறு ஆறிப்போயிருந்தது. "அப்பா வந்தாத்தான் தெறக்கணும்னு அம்மா சொன்னாங்க" என்று என்னிடம் விளக்கம் சொன்னாள். ஊசி போட்டார்கள். நேரம் பார்த்துக் காத்திருந்து, கோப்பையைத் திறந்து சாப்பிட்டாள். அந்தப் பிள்ளை பருப்பும் சோறும் பிசைந்து சாப்பிடுவதை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சாப்பிட்டு முடித்து, "மாமா மேல ஏன் இவ்வளவு சேறு?" என்று கேட்டாள்.

4. நான் தெரிந்துகொண்டது

திரும்பி வர ராசு புல்வெட்டும் மெஷினின் பெற்றோலைக் கொடுத்தார். எஞ்சின் ஒயில் கலந்த பெற்றோல் அது. கண்டி வரை பின்னால் நீலப் புகை. "டெங்குக்குப் புகை அடிக்க வந்தீங்களா?" என்று பொலிஸ்காரர் ஒருவர் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார்.

பிறகொரு நாள் கராஜில் அந்த டேங்கைக் கழற்றியபோது உள்ளே பார்த்தேன். கம்பியின் நுனியில் ஒரு சின்ன மிதவை, அவ்வளவுதான். அது பெற்றோலை அளப்பதில்லை. தான் இருக்கிற இடத்தில் பெற்றோல் எவ்வளவு உயரம் என்று மட்டும் முள்ளுக்குச் சொல்கிறது. என் டேங்கில் மிதவையும் எஞ்சினுக்குப் போகிற குழாயும் பின்பக்கம். மலை ஏறினால் பெற்றோல் பின்னால் ஓடி மிதவையைத் தூக்கும். இறங்கினால் முன்னால் ஓடிவிடும், அப்போது குழாய்க்கும் ஒன்றும் கிடைக்காது. டேங்கின் அடிப்பக்கம் சேணம் மாதிரி இரண்டு வயிறாகத் தொங்குகிறது. குழாய் இடது வயிற்றில். வலது வயிற்றில் தங்கியது நடுவிலுள்ள மேட்டைத் தாண்டி வராது. பைக் விழுந்தபோது தாண்டி வந்ததுதான் பவிக்குச் சோறானது.

முள் பொய் சொல்லவில்லை, பிள்ளைகளே. நான் கேட்ட கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு தூரம் போகலாம் என்று அதற்குத் தெரியாது. நம் ஊரில் சமமான இடம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் பைக்கை நேராக நிமிர்த்தி வைத்து அங்கே பாருங்கள். டேங்கை நிரப்பியதும் ட்ரிப் மீற்றரைப் பூச்சியத்தில் வையுங்கள். நிரப்பினால் எத்தனை கிலோமீற்றர் ஓடுகிறது என்று இரண்டு மூன்று முறை பார்த்தால், உங்கள் வண்டி உங்களுக்குப் பிடிபட்டுவிடும். மலைப் பாதை என்றால் அதிலும் குறைத்தே நம்புங்கள். கபில், குழாயை 'ஒன்'னில் வைத்து ஓடு. ரிசேவ் தேவைப்படுகிற நாளில் அது ரிசேவாக இருக்க வேண்டும்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. உங்கள் அம்மா புகை நாற்றத்துக்கு ஏசிவிட்டு உள்ளே போய்விட்டாள். நீங்கள் இரண்டு பேரும் பாடம் படித்துக்கொண்டிருந்தீர்கள். வாசலில் நான் மட்டும்தான். ஹெல்மட்டைக் கழற்றிவிட்டு, சேறு காயாத டேங்கில் காதை வைத்துக்கொண்டு, பைக்கை மெதுவாக இடது பக்கம் சாய்த்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். உள்ளே 'களக்' என்று ஏதோ மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது.

நிமிர்த்தினேன். மறுபடி சாய்த்தேன்.