எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் ஒரு குட்டித் தூக்கம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. மாதத்தில் இரண்டு நாள் வயிற்று வலியால் அசெம்பிளி லைனில் நிற்க முடியாமல் ஓய்வறை பெஞ்சில் சுருண்டு கிடப்பேன். மலம் கழிக்கப் போனால் உயிர் போய்த் திரும்பும். அதை யாரிடம் சொல்வது?

"எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே, உனுக்கு மட்டும் இன்னா ஸ்பெஷலா?" என்பார் சூப்பர்வைசர், ஆயுளில் ஒருமுறைகூட மாதவிலக்கு வராத அனுபவத்தில்.

சாதாரண ஸ்கேன் மூன்று முறை எடுத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டால் சரியாகிவிடும் என்றார் ஒரு டாக்டர். மாப்பிள்ளையைச் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துக்கொள்ள வேண்டுமா பின்னாலா என்று கேட்க வாய்வரை வந்தது.

கடைசியில், என்னோடு லைனில் நிற்கும் வல்லக்கோட்டைக்கார அக்கா தனக்குத் தெரிந்த பெண் டாக்டரிடம் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"மோஷன் போறப்ப வலிக்குதாம்மா?" என்று அவர் கேட்டதும் அழுதுவிட்டேன். அந்தக் கேள்விக்கு யாரும் அழுதிருக்க மாட்டார்கள். எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்.

ஸ்கேன் சென்டரில் தோடு, கொலுசு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி அக்காவிடம் கொடுத்தேன். குடல் அசையாமலிருக்க ஓர் ஊசி போட்டார்கள். சத்தம் பயங்கரமாக இருக்கும் என்று டெக்னீஷியன் எச்சரித்தார். குழாய்க்குள் டமடம, கிர்கிர் என்றது. இரும்புத் தகடு அடிக்கும் எங்கள் பிரஸ் ஷாப் இதற்கு அப்பன். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவள், தூங்கியே போனேன்.

"குறட்டை வுடாதீங்கம்மா! வயிறு ஆடுது, படம் கலங்குது!" என்று மைக்கில் அலறினார் அவர்.

முடிவு வந்தது: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்ந்து, கருப்பையையும் குடலையும் ஒட்டவைத்திருந்தது. இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட் கட்டி'. டாக்டர் படத்தில் பேனாவால் தொட்டுக் காட்டக் காட்ட எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை நாளும் நான் நடிக்கவில்லை!

சங்கரன்கோவிலில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"எம்மா, எனக்கு நெசமாவே சீக்கு இருக்கு!"

"அடிப்பாவி, அத ஏன் இம்புட்டுச் சந்தோஷமா சொல்லுத?"

கட்டியின் பெயரைச் சொன்னதும், "அப்பவே சொன்னேம்லா, மிட்டாயத் தின்னாதன்னு!" என்று அழத் தொடங்கினாள். ரத்தத்தின் நிறத்தை வைத்து வந்த பெயர் என்று புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

டாக்டர் கொடுத்த ஹார்மோன் மாத்திரையைச் சாப்பிடத் தொடங்கி ஏழு மாதமாகிறது. மாதவிலக்கு நின்றிருக்கிறது, வலி முக்கால்வாசி போய்விட்டது. ஆபரேஷன் தேவையா என்பதை டாக்டர் பிறகு சொல்வாராம். போன கிருத்திகைக்கு அக்காவோடு வல்லக்கோட்டை முருகன் கோயிலில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றேன். கால்தான் வலித்தது.