அறுபத்தெட்டாம் வருஷத்துத் தோடு

மலையாள எல்லையோரத்துச் சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தாவூத் ராவுத்தரின் கில்ட் நகைக்கடைக்கும் என் தையல்கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். பதினெட்டு வருஷம் அவருடைய கவலைகளை அந்தச் சுவர் வழியாகக் கேட்டவன் நான். மழை பெய்தால் தோடு கறுத்துவிடுமோ என்று கவலை, வெயில் அடித்தால் அரக்கு இளகிவிடுமோ என்று கவலை. மனிதருக்கு நிம்மதியாகத் தும்மக்கூடத் தெரியாது.

அவருக்கு ஒரு பைத்தியம் இருந்தது. எங்கள் ஊர்க் கொங்கன்படைத் திருவிழா முடிந்ததும், அந்த வருஷத்துச் சரக்கில் ஒரு ஜோடித் தோட்டை எடுத்துக் காக்கித் துணியில் குத்தி, கீழே மையால் வருஷம் எழுதி வைப்பார். 1951இல் ஆரம்பித்தது. முன்பக்கம் என்றைக்கும் ஏழு சிவப்புக் கல்தான். ஜனங்கள் வேறு மாதிரி கேட்கமாட்டார்கள். மாறுவதெல்லாம் பின்பக்கம். அரக்கின் நிறம், தகடு, திருகாணி. புரட்டிப் பார்த்ததும் வருஷம் சொல்லிவிடுவார். நான் சோதித்துப் பார்த்துத் தோற்றிருக்கிறேன்.

1968இல் மட்டும் டைபாய்டு வந்து படுத்துவிட்டார். அந்த வருஷச் சரக்கை ஒன்றுவிடாமல் விற்றுத் தீர்த்தாள் அவர் மனைவி ஐசும்மா. துணியில் ஓர் இடம் காலி. அதற்காக ஐந்து வருஷம் புலம்பினார். உயிர் பிழைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

1973இல் ஒருநாள் சிரித்த முகத்தோடு வந்து எனக்குச் சாயா வாங்கிக் கொடுத்தார். யாரோ பழைய தோட்டைக் கொடுத்துப் புதுசு வாங்கிப் போனார்களாம். பின்னால் கறுப்பு அரக்கு, அது அந்த ஒரு வருஷம்தான் வந்தது, அறுபத்தெட்டேதான். பழசுக்குப் புதுசு மாற்றினால் மேலே கொஞ்சம் காசு வாங்குவது கடை வழக்கம். அன்றைக்கு அதைக்கூட வாங்கவில்லை. அழுக்குகூடத் துடைக்காமல் அப்படியே துணியில் குத்தி வைத்தார்.

1976 பங்குனியில் எருத்தேன்பதியிலிருந்து கருப்பாத்தாள் வந்தாள். அவள் மகள் மயிலாத்தாள் 1969 ஆனியில், ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறவன் ஒருத்தனோடு போய்விட்டாள். வீட்டுப்படி மிதித்தால் வெட்டுவேன் என்று அப்பன் ஊரறியச் சொன்னான். போன வருஷம் அந்த அப்பனும் செத்துப்போனான். மகளிடமிருந்து ஒரு கடுதாசி இல்லை.

கருப்பாத்தாள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒற்றைத் தோடு.

"ஏனுங்க ராவுத்தரே, இது எந்த வருசத்துதுன்னு சொல்லோணுங்க."

போன மழையில் ஏலக்காட்டில் வண்டன்மேட்டுப் பக்கம் மண் சரிந்து, கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் இருந்த ஒரு தமிழ்ப்பெண் செத்துப்போனாள். தனியாக வந்தவள், வந்து பத்து நாள்தான், பேர்கூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அவர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். ஏலக்காய் வாங்கப் போன பங்காளி குப்பண்ணன் கேள்விப்பட்டு, அவள் காதில் கிடந்ததை வாங்கி வந்திருக்கிறான்.

"அறுவத்தெட்டு கொங்கன்படை நோம்பிக்கு ஐசும்மாகிட்ட வாங்குனதுங்க. அந்த ஒரு ஜோடியப் போட்டுக்கிட்டுத்தான் எம்பொண்ணு போனா. இது அதுவா இருந்தா..." என்று நிறுத்தினாள்.

நான் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தேன். ராவுத்தர் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். வாசல் வெளிச்சத்துக்கு வந்து தோட்டைப் புரட்டினார். மூச்சு விட்டார்.

"இது அந்தத் தோடு இல்லீங்கம்மா. பின்னால பித்தளைத் தகடு அடச்சிருக்கு பாருங்க. இந்தச் சரக்கு எழுவத்தொண்ணுக்கு அப்புறந்தான் வந்துது."

"நெசமாத்தானுங்களா?"

"பொய் சொல்லுவனுங்களா?"

கருப்பாத்தாள் படியில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், தண்ணீர் கேட்டாள். எனக்கும் நெஞ்சு லேசானது. வேறு யாரோ பெற்ற பெண் செத்துப்போனதற்கு நாங்கள் மூன்று பேரும் சந்தோஷப்பட்டோம். அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

அதோடு விட்டிருக்கலாம். தான் சொன்னதை அவள் நம்பாமல் போய்விடுவாளோ என்று ராவுத்தருக்குக் கவலை வந்துவிட்டது. உள்ளே போய்க் காக்கித் துணியை எடுத்து வந்து விரித்தார்.

"இதுதான் அறுவத்தெட்டு. பின்னால கறுப்பு அரக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

அவள் அரக்கைப் பார்க்கவில்லை. திருகாணியைத் தொட்டாள். திருகாணி தளர்ந்தால் நூல் சுற்றி இறுக்குவது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். இதிலும் சுற்றியிருந்தது. பச்சையும் மஞ்சளுமாக முறுக்கிய நூல்.

"இது எம்பட கூறைச்சீலை நூலுங்க. கழண்டு உழுகுதுன்னு எம்பொண்ணு சொன்னா. நாந்தான் முறுக்கிச் சுத்தி உட்டேன்."

அவள் ராவுத்தரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்படீங்க வந்துச்சு?"

"எழுவத்திமூணுல ஒரு புள்ள மாத்திட்டுப் போச்சுங்க," என்றார் ராவுத்தர்.

"மாத்தி எதைக் குடுத்தீங்க?"

ராவுத்தர் அவள் உள்ளங்கையைப் பார்த்தார். தகடு அடைத்த தோடு அங்கே கிடந்தது.

எதிரே எருத்தேன்பதி பஸ் நின்றுகொண்டிருந்தது. மயிலாத்தாள் தோடு மாற்றிய அன்றைக்கும் இதே இடத்தில்தான் நின்றிருக்கும். ஏறியிருந்தால் ஒரு மணி நேரத்தில் வீடு.

"இத்தன தூரம் வந்திருக்கா," என்றாள் கருப்பாத்தாள். அழவில்லை. "அன்னிக்கு எப்படீங்க இருந்தா? எளைச்சிருந்தாளா? கையில கொழந்த கிழந்த எதாச்சும் இருந்துச்சுங்களா?"

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் தோட்டைத்தான் பாத்தேன்மா," என்றார்.