துடக்குக் காக்க ஆளில்லாதவர்கள்

2009 ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் என் மனைவி வெள்ளிக்கிழமை தோறும் வேலை முடிந்ததும் 207 பஸ் பிடித்து லண்டன் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போய், தன் அக்கா குடும்பத்து ஐந்து பேருக்கும் அர்ச்சனை செய்வித்தாள். நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பகல் ஷிப்ட் முடித்து, அவளை ஏற்றிப்போகக் காரில் வருவேன். பெரும்பாலும் அர்ச்சனை தொடங்கும் நேரத்துக்கு உள்ளே வந்துவிடுவேன். அக்கா பூரம், அத்தான் மூலம், மூத்தவன் சதயம், இளையவன் அத்தம், கடைசிப் பெண் ரோகிணி. முதல் சில கிழமைகள் ஐயர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் சொன்னார். பிறகு அவருக்கே மனப்பாடமாகிவிட்டது. மனைவியைக் கண்டதும் தட்டை வாங்கி, தானாகவே ஐந்து பெயரையும் சொல்லித் தொடங்கிவிடுவார்.

அவர்கள் வன்னியில் இருந்தார்கள். சண்டை நெருங்க நெருங்க இடம் மாறி, போகுமிடமெல்லாம் பங்கர் என்ற பதுங்குகுழி வெட்டி, கடைசியில் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள் என்பது வரை எங்களுக்குத் தெரியும். தை மாதத்தில் ஒரு தரம் போன் எடுத்தார்கள். அக்கா சுகம் விசாரித்து முடிப்பதற்குள் சின்னவள் போனைப் பறித்துவிட்டாள். அவளுக்கு நாலு வயது.

"சின்னம்மா, எங்கட பங்கருக்குள்ள ஒரு தவளை இருக்கு."

"ஐயோ, கடிக்குமோ?"

"சீ, அது பாவம். அதுக்கும் பயம்."

பிறகு அவர்களிடமிருந்து பேச்சில்லை. தினமும் இரண்டு மூன்று வரி நாட்குறிப்பு எழுதுவது என் பழக்கம். அந்த மாதங்களில் அதில் வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை. வேலைக்குப் போனேன், பேச்சில்லை. மழை, பேச்சில்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சமாதான காலத்தில் பாதை திறந்திருந்தபோது நாங்கள் ஊருக்குப் போனோம். அப்போது சின்னவள் கைக்குழந்தை. மனைவி அவளைத் தூக்கியது அந்த ஒரு பயணத்தில்தான். அந்தப் பத்து நாளும் அவளைக் கீழே விடவில்லை. "ஏன்ரி, அது தவழப் பழக வேண்டாமோ?" என்று அக்கா பகிடி பண்ணினார்.

சித்திரையில் பாராளுமன்றத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் சண்டையை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் இரவு பகலாக நின்றது. மனைவியும் போய் நின்றாள், தொண்டை கட்டும் வரை கத்தினாள். வைகாசி நடுவில் எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. அதற்குப் பிறகு முகாம்களில் இருந்து ஒவ்வொருவர் பெயராகத் தெரியவந்தது. அதில் எங்களுடையவர்கள் இல்லை.

ஆனி மாதத்தில் தெற்கு லண்டன் சட்டனில் இருந்து ஒருவர் கூப்பிட்டார். அத்தானின் ஊரவர். பிரான்சில் இருபது வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்து சின்னக் கடை ஒன்று நடத்தினார். அவருடைய தம்பி குடும்பத்தோடு வவுனியா முகாமில் இருப்பதாகவும், கடைசி வரை அக்கா குடும்பத்துக்குப் பக்கத்தில் இருந்ததாகவும் சொன்னார். "வாங்கோ. அவனே சொல்லட்டும். நான் சொல்லி நீங்கள் கேக்கிற விஷயம் இல்லை" என்றார். அப்போதே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

ஞாயிறு மத்தியானம் போனோம். கடையின் பின்னறையில் பால் பெட்டிகளுக்கு நடுவே எங்களுக்கு இரண்டு கதிரை போட்டிருந்தார். "பாரிசிலயும் பால் பெட்டி, இஞ்சயும் பால் பெட்டி. மாட்டுக்குக்கூட இவ்வளவு பால் காணக் கிடைச்சிருக்காது" என்று ஏதோ சிரிக்கப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் பாதியில் விட்டுவிட்டு மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டார்.

தம்பியின் குரல் மிகவும் பக்கத்தில் கேட்டது. முகாமுக்குள் ஒளித்து வைத்திருந்த போன்.

"அண்ணை, நாங்கள் அடுத்த பங்கருக்குள்ள இருந்தனாங்கள். விடியப்புறம் செல் வந்து விழுந்தது. அவையின்ர பங்கருக்கு நேர மேல."

மனைவி கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள்.

"நாலு பேரை எடுத்தனாங்கள். எடுத்துப்போட்டு அந்தக் குழிக்குள்ளயே வைச்சு மூடினது. வேற எங்க கொண்டுபோறது? எங்களுக்கும் விழுந்துகொண்டிருந்தது."

"நாலு பேரோ?" என்றாள் மனைவி.

"சின்னவளைக் காணேல்லை அக்கா."

"காணேல்லையோ?"

"ஓம் அக்கா. காணேல்லை."

"என்ன நாள், தம்பி?" என்று நான் கேட்டேன்.

"நாளோ? அங்க ஆருக்கு அண்ணை நாள் தெரியும்? சித்திரைக் கடைசியாயிருக்கும்."

"சின்னவள் அப்ப பங்கருக்குள்ள இருந்தவளோ, வெளியில எங்கயும் நிண்டவளோ?"

பின்னால் யாரோ பெண்கள் சண்டை பிடிப்பதும் வாளிகள் முட்டுப்படுவதும் கேட்டன. "தண்ணி பவுசர் வந்திட்டுது அண்ணை. பிந்தினால் கிடையாது" என்றார். தொடர்பு நின்றது.

திரும்பும் வழியில் கியூ பாலத்தடியில் வாகனங்கள் தேங்கி நின்றன. மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள் ஏன் அந்தப் பெடியனைக் குடைஞ்சனீங்கள்? இது என்ன உங்கட ரத்த ரிப்போட்டோ, ஓம், இல்லை எண்டு ஒண்டு எழுதிக் குடுக்க?"

"தெரியவேணுமல்லோ?"

"காணேல்லை எண்டால் காணேல்லை. எத்தினை பிள்ளையளை ஆரார் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கினம். ஏதாவது ஒரு முகாமில நிப்பாள்."

பீரங்கிச் செல் நேரே விழுந்த குழியில் நாலு வயதுப் பிள்ளையைக் காணவில்லை என்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் இருவரும் கேட்டது ஒரே சொல்தான். அதற்கு மேல் என்னிடம் ஆதாரம் ஒன்றும் இல்லை.

கொஞ்சத் தூரம் போனபின் அவள் விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். சித்திரைக் கடைசி என்றால், அதற்குப் பிறகும் எத்தனையோ வெள்ளிக்கிழமை ஐயர் அந்தப் பெயர்களைச் சொல்லி நீண்ட ஆயுள் கேட்டிருக்கிறார். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது.

"செத்த ஆக்களுக்கெல்லோ ஆயுள் கேட்டிருக்கிறன்" என்றாள்.

"தெரியாமல் செய்தது."

"அவைக்குத் தெரிஞ்சிருக்கும்."

அந்தியேட்டி என்ற ஈமக்கிரியை செய்விக்க ஆர்ச்வேப் பக்கமிருந்து ஒரு சைவக்குருக்களைக் கூப்பிட்டோம். கிரியைகள் குறித்துப் பேச ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார். குசினி மேசையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு, "ஆர் உரித்துக்காரர்?" என்று கேட்டார். கொள்ளி வைக்க உரிமை உள்ளவர் யார் என்று பொருள்.

"ஒருத்தரும் இல்லை ஐயா. அத்தானுக்கு ஒரே தம்பி. அவர் முந்தின சண்டையில செத்துப்போனார். ஆம்பிளைப் பிள்ளையள் ரெண்டும் அதே குழிக்குள்ள" என்றேன்.

"அப்ப நீங்கள்?"

"நான் சகலன்."

"சகலனுக்குத் துடக்கே இல்லையே" என்று குருக்கள் தாடையைத் தடவினார்.

எங்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்தால் அவருடைய பங்காளிகள் முப்பத்தொரு நாள் துடக்குக் காப்பார்கள். கோயிலுக்குப் போகமாட்டார்கள், நல்ல காரியம் எதிலும் நிற்கமாட்டார்கள். மணம் முடித்துப் போன தங்கைக்கு மூன்று நாள். அவள் புருஷனுக்கு ஒன்றும் இல்லை. சின்ன வயதில் எனக்கு இந்தக் கணக்கு எரிச்சலூட்டியது. அன்று அந்த மேசையில் இருந்து அதை மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒருவர் செத்தால் அவருக்காக ஒரு கூட்டம் ஒதுங்கி நிற்கும். ஒரு குடும்பம் முழுவதும் செத்தால் ஒதுங்கி நிற்க வேண்டியவர்களும் அதே குழிக்குள் போய்விடுகிறார்கள். உலகம் முழுவதும் தேடினாலும் அந்த வீட்டுக்காக முப்பத்தொரு நாள் காக்க ஒருவர் இல்லை.

"பறவாயில்லை, நீங்களே செய்யுங்கோ. ஆருமில்லாட்டில் ஆரும் செய்யலாம்" என்றார் குருக்கள். "திதி தெரியாது எண்டால் அமாவாசையை எடுப்பம். உடம்பு இல்லாதபடியால் தர்ப்பையில உருவம் செய்து எரிக்கிறது. எத்தினை உருவம்?"

"நாலு."

மனைவி குசினி வாசலில் நின்று சொன்னாள். இரண்டு கையாலும் நிலையைப் பிடித்திருந்தாள். அந்தக் கிழமை முழுவதும் அவள் இதற்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியும். காணாமற்போனவருக்குப் பன்னிரண்டு வருஷம் பார்த்துத்தான் கிரியை செய்ய வேண்டும் என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"சின்னவளுக்கு எத்தினை வயது?" என்று குருக்கள் கேட்டார்.

"நாலு முடிஞ்சு அஞ்சு நடக்குது."

"அப்ப அந்தப் பிள்ளைக்கு அந்தியேட்டி இல்லை அம்மா. அவ்வளவு சின்னதுகளுக்குப் பால் தெளிச்சுப் புதைக்கிறதோட சரி. திவசமும் இல்லை. இருந்தாலும் இல்லாட்டிலும் எங்களுக்கு உருவம் நாலுதான்."

மனைவியின் கை நிலையில் இருந்து நழுவியது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினாள்.

வீட்டுக்குள் நெருப்பு மூட்டினால் புகை அலாரம் அடிக்கும். அதனால் கராஜைக் கழுவித் துடைத்து அங்கே செய்தோம். குருக்கள் தர்ப்பையை நாலாகப் பிரித்துக் கட்டினார். இரண்டு பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது, ஒன்று அதனினும் சிறிது. மனைவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, இளையவன்தான் உயரம். தமையனை விட" என்றாள்.

"அப்பிடியோ?" என்று குருக்கள் இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்.

பாபிக்யூ தட்டில் வைத்து எரித்தோம். மகன் சொல்ல வேண்டியதை நான் சொன்னேன். புகை கராஜ் கதவால் வெளியே போனது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நல்ல வெயில் நாளாகப் பார்த்துத்தான் பாபிக்யூ போட்டிருக்கிறீர்கள் என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் கையை அசைத்தேன். தர்ப்பை எரிய நேரமே எடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போக வேண்டும் என்றாள். நான் உடன் போனேன். ஐயர் அவளைக் கண்டதும் வழக்கம்போல் அக்காவின் பெயரைத் தொடங்கினார்.

"இல்லை ஐயா. ஒண்டு மட்டும், ரோகிணி" என்றாள்.

ஐயர் அவள் முகத்தைப் பார்த்தார். ரோகிணி நட்சத்திரத்தை மட்டும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அப்படியே. முகாம்களில் தனித்து நிற்கும் பிள்ளைகள் பற்றி யாராவது சொன்னால் மனைவி வயது கேட்பாள், மச்சம் கேட்பாள். சில காலத்துக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அர்ச்சனையை விடவில்லை.

குளிர்காலத்தில் சட்டன்காரரின் தம்பி முகாமை விட்டு வெளியே வந்து எனக்குப் போன் எடுத்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்கு நான் மறுமொழி சொல்லேல்லை அண்ணை. போனில அக்காவும் உங்களுக்குப் பக்கத்தில இருந்தவா, அதால. சின்னவள் தாயின்ர மடியிலதான் இருந்தவள். நாங்கள் தேடினனாங்கள். எடுக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை."

அன்று வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் காரை நிறுத்தினேன். மனைவி சீற் பெல்ற்றைக் கழற்றும்போது, அவர் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னேன். இப்படிப்பட்ட விஷயத்தைச் சொல்ல வேறு முறை எனக்குத் தெரியாது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"அவன் காணேல்லை எண்டு சொல்லேக்கயே தெரியும். நான் என்ன விசரியோ?"

"அப்ப ஏன் இது? இல்லாத பிள்ளைக்கு ஆயுள் கேக்கிறது பிழையெல்லோ?"

அவள் தட்டில் இருந்த பூவைச் சரி பண்ணினாள். கற்பூரம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"அவளுக்கு அந்தியேட்டி இல்லை எண்டார். திவசம் இல்லை எண்டார். ஒரு பிடி தர்ப்பையும் இல்லை. மற்ற நாலு பேருக்கும் வருஷத்தில ஒருக்கா எண்டாலும் நீங்கள் பேர் சொல்லுவியள். அவளின்ர பேரைச் சொல்லுறதுக்கு வேற என்ன வழி இருக்கு? சொல்லுங்கோ. நீங்கள்தானே எல்லாம் முறையா தெரிஞ்ச ஆள்."

அந்தப் பிள்ளையைக் கையில் தூக்கியவர்களில் மிஞ்சியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

மனைவி கதவைத் திறந்து இறங்கிப் போனாள். நான் போகவில்லை. அதன் பிறகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளைக் கொண்டுபோய் விடுகிறேன். ஆனால் உள்ளே போவதில்லை. ஐயர் அந்தப் பெயரைச் சொல்லி, நீண்ட ஆயுள் கொடு என்று கேட்பதைப் பக்கத்தில் நின்று கேட்க என்னால் முடியவில்லை. அவள் வரும் வரை காரிலேயே இருப்பேன்.