விட்டுப்போன பத்தடி

போன வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு, என் வீட்டு மாடியில் ஒரு மனிதரின் கை பாதியில் நின்றுவிட்டது.

பதறாதீர்கள். நின்றது கம்ப்யூட்டர் திரையில். அந்த மனிதர் இருந்தது எண்பது கிலோமீட்டர் தள்ளி, ஓர் ஆஸ்பத்திரியில். ஆனால் நான் பதறினேன். பதற்றம் போய்விட்டது, கோபம் போகவில்லை. இந்த வாரம் அதோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் தேன்மொழி சைகை மொழிபெயர்ப்பாளர். காது கேளாத நோயாளிகள் டாக்டரிடம் வரும்போது வீடியோ காலில் இவளைக் கூப்பிடுவார்கள். நோயாளி கையால் சொல்வதை இவள் வாயால் டாக்டருக்குச் சொல்வாள். டாக்டர் வாயால் சொல்வதை இவள் கையால் நோயாளிக்குச் சொல்வாள். எல்லாம் வேங்கிக்காலில், எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடி. மற்றவர்களுக்குப் படம் நின்றால் குரலாவது வரும். இவளுக்குப் படம் நின்றால் பேச்சே நின்ற மாதிரி.

அன்று வந்தவருக்கு அறுபது வயதிருக்குமாம். எத்தனை தடவை மயக்கம் போட்டு விழுந்தார் என்று டாக்டர் கேட்கச் சொன்னார். இவள் கேட்டாள். அவர் ஒவ்வொரு விரலாக நீட்ட ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு...

நாற்பது நொடி படம் அசையவில்லை. திரும்பி வந்தபோது அவர் கை மடியில் இருந்தது. இரண்டோடு முடித்தாரா? மேலே போனாரா? இவள் மறுபடி கேட்பதற்குள் வீடியோ கால் கட்டாகிவிட்டது. டாக்டர் அறைக்கு வெளியே கூட்டம். அவர் கையைப் பார்க்காமல் சீட்டில் குனிந்திருந்த டாக்டர், இவள் குரலில் கேட்ட இரண்டையே எழுதிக்கொண்டு, பழைய மாத்திரையையே சாப்பிடச் சொல்லி, வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டதாக நர்ஸ் பிறகு போனில் சொன்னார்.

தேன்மொழி கீழே இறங்கி வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"வியாழக்கிழமையும் இப்படி ஆச்சுன்னா, அந்த மனுஷனுக்கு நான் என்னப்பா சொல்றது?"

ஆறு நாள் இருந்தது.

எங்கள் வீட்டில் இருப்பது மெஷ் வைஃபை. ஹாலில் ஒரு பெட்டி, மாடியில் ஒரு பெட்டி. இரண்டையும் சேர்க்கச் சுவருக்குள் ஒரு லேன் வயர். நடுவில் கான்கிரீட் தளம் இருப்பதால் காற்றில் வருகிற சிக்னல் மாடிக்குப் போய்ச் சேரும்போது நோஞ்சானாகிவிடும். அதனால்தான் வீடு கட்டும்போதே சுவரை வெட்டி, குழாய் பதித்து, வயர் இழுத்தேன். எல்லாம் யோசித்துச் செய்தவன் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது.

முதலில் நெட் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். பெட்டி விற்ற கம்பெனிக்குச் செய்தேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு நாளில் ஒன்பது போன் கால், இருபத்து மூன்று ஆஃப், இருபத்து மூன்று ஆன். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: "லைட் என்ன கலர் சார்?" பச்சை. "பச்சைன்னா ஓகே சார்." பச்சையாக எரிந்தால் ஓகேவா? எரிகிற விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்காரவா ஒரு பெண் நாலு வருஷம் சைகை படித்தாள்?

சனிக்கிழமை நெட் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். நாற்பது வயதுக்காரர், அனுபவசாலி என்று நம்பினேன். ஹாலில் நின்றபடியே செல்போனில் ஸ்பீடு பார்த்தார். "நம்ம சைடு க்ளீன் சார்" என்றார். மாடிக்கு வந்து பாருங்கள் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "மாடி உங்க சைடு சார்" என்றார்.

வாசகர்களே, இந்த 'சைடு' என்ற வார்த்தை எந்த நாளில் நம் ஊருக்குள் நுழைந்தது? ரோட்டில் தண்ணீர் நின்றால் ஒரு ஆபீஸ் சைடு ஓகே. குழாயில் தண்ணீர் வராவிட்டால் இன்னொரு ஆபீஸ் சைடு ஓகே. பஸ் ஸ்டாண்டில் கேட்டாலும் ஓகே, பாங்கில் கேட்டாலும் ஓகே. எல்லார் சைடும் ஓகே என்றால் கெட்டுப்போனது எந்த சைடு? நடுவில் ஒன்று இருக்கிறதே... அதற்கு மட்டும் ஆளே இல்லை!

ஞாயிற்றுக்கிழமை நானே இறங்கினேன். மாடிப் பெட்டி வயரில் பேசுகிறதா, காற்றில் பேசுகிறதா என்று செல்போன் ஆப்பில் தெரியும் என்று தேன்மொழி காட்டினாள். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் பதினான்கு தடவை வயரிலிருந்து காற்றுக்குத் தாவி, பதினான்கு தடவை திரும்பி வந்தது. தாவும்போதெல்லாம் படம் நின்றது. பச்சை விளக்கோ சிமிட்டக்கூட இல்லை. கூசாமல் பொய் சொல்கிற விளக்கு!

பிறகு மாடிப் பெட்டியைக் கீழே தூக்கி வந்தோம். ஹால் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, கூடவே வந்த முழ நீள வயரால் இரண்டையும் சேர்த்தோம். ஒரு மணி நேரம். ஒரு தாவல்கூட இல்லை. ஆக, இந்தப் பெட்டியும் நிரபராதி, அந்தப் பெட்டியும் நிரபராதி. மிச்சம் இருப்பது சுவருக்குள் இருக்கும் வயர்.

வீட்டுக்கு வயரிங் செய்தவர் ஏழுமலை. திங்கட்கிழமை கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை வந்தார். கையில் ஒரு டெஸ்டர். லேன் வயருக்குள் எட்டு இழைகள். டெஸ்டரில் எட்டு விளக்குகள். வரிசையாக எட்டும் எரிந்தால் வயர் நல்ல வயர்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எரிந்தன. ஐந்து எரியவில்லை. ஆறு எரிந்தது. ஏழு மங்கி மங்கி இழுத்துக்கொண்டிருந்தது. எட்டு எரிந்தது.

நான்கு நாள் கோபம் மொத்தமும் அவர் தலையில் இறங்கியது. காசு வாங்கினாயே, கண்ணை மூடிக்கொண்டா வேலை பார்த்தாய் என்பது வரைக்கும் கேட்டேன். இன்னும் கேட்டேன், அச்சில் வராது. ஏழுமலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து டெஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

"சார், உள்ள ஒரு ஜாயிண்ட் இருக்குது."

"லேன் வயர்ல எவனாவது ஜாயிண்ட் போடுவானா? யாரு போடச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

மாடிப்படியில் தேன்மொழி நிற்பதை அப்போதுதான் பார்த்தேன்.

"அளவு நீங்களே எடுத்துக் குடுத்தீங்க. இழுத்துப் பார்த்தா பத்தடி கம்மி. வேற ரோல் வாங்கிக்கலாம் சார்னேன். மறுநாள் பூச்சு வேலை. கரண்ட்டு வயரையே முறுக்கித்தான சேக்கறோம், துண்டு வுட்டு டேப் சுத்திடுன்னீங்க. மூணு வருஷம் தாங்கினதே ஜாஸ்தி சார்."

நினைவு வந்துவிட்டது. வராமல் இருந்திருக்கலாம்.

முப்பத்திரண்டு வருஷம் சர்வேயராக வேலை பார்த்தவன் நான். நிலம் அளப்பதில் மேடு பள்ளம் கணக்கில் வராது. படுக்கை வாட்டத்தில் எவ்வளவு தூரமோ அதுதான் அளவு. எங்கள் வரைபடத்தில் மலையும் தட்டைதான். அதே கையோடு, வீட்டு பிளானை மேஜையில் விரித்து, ஹால் மூலையிலிருந்து மாடி அறை மூலை வரைக்கும் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறேன். வளைவுகளையெல்லாம் சேர்த்திருக்கிறேன். அங்குலம் பிசகவில்லை. மாடிக்குப் போகிற வயர் மேலே ஏற வேண்டுமே, அதை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு தளத்தின் உயரம். பத்தடி!

தேன்மொழியைப் பார்த்தேன். கையை மட்டும் ஏதோ மாதிரி அசைத்தாள். பெண் மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"பரவாயில்லைன்னு சொல்றியாம்மா?"

"இல்லப்பா. சீக்கிரம் புதுசு போடுங்கன்னு சொல்றேன்."

போட்டோம். சுவருக்குள் அல்ல, படிக்கட்டு ஓரமாக, கிளிப் அடித்து, கண்ணுக்குத் தெரியும்படி, ஒரே நீளமாக. நான் அளக்கிற டேப்பை எடுத்தேன். ஏழுமலை அதை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, ரோலையே படி படியாகப் பிரித்துக்கொண்டு மேலே ஏறினார். டெஸ்டரில் எட்டும் எரிந்தன. மூன்று தடவை எண்ணினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னேன். அவருக்குப் புரிந்திருக்கும்... புரியாவிட்டால் இதைப் படிக்கட்டும்.

புதன்கிழமை முழுக்க ஆப்பைப் பார்த்தேன். தாவல் இல்லை.

வியாழக்கிழமை பத்தரைக்கு மாடியில் வீடியோ கால் தொடங்கியது. வீட்டில் யாரும் போனைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன். வீட்டுக்காரி தன் தங்கையோடு பேச வழியில்லாமல் என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். மாடி அறைக் கதவு சாத்தியிருந்தது. பாதி கையால் பேசுகிற வேலையில் கீழே நிற்பவனுக்கு என்ன கேட்கும்?

பதினொன்று ஐந்துக்குத் தேன்மொழி இறங்கி வந்தாள்.

"அஞ்சு தடவைப்பா. டாக்டர் வேற மாத்திரை எழுதிட்டாரு. தலையை ஸ்கேன் பண்ணவும் சொல்லியிருக்காரு."

ஐந்து. வெள்ளிக்கிழமை டாக்டர் எழுதியது இரண்டு. மீதி மூன்றும் ஆறு நாள் என் சுவருக்குள் கிடந்தன.