செவலைக்குச் சொன்ன நன்றி

நெய்யில் முந்திரி சிவக்கும் வாசனை தெருமுனையில் மூக்கைத் தொட்டால் செஞ்சிக்காரர்கள் நடையைக் கூட்டுவார்கள், நான் குறைத்துக்கொள்வேன். டாக்டருக்குப் பயந்துதான் நெய்ப்பொங்கலுக்கு ஒதுங்குகிறேன் என்று வீட்டில் நினைக்கிறார்கள். கொலஸ்ட்ரால் என்றொரு சொல் இந்த வயதில் எத்தனையோ உண்மைகளுக்குப் போர்வையாக உதவுகிறது.

தை பிறந்தால் எனக்குக் கிராக்கி. ரேடியோவிலும் பள்ளிக்கூடங்களிலும் பொங்கலின் வேர்களைப் பற்றிப் பேசக் கூப்பிடுவார்கள். போகி இந்திரனுக்கு, அடுத்த நாள் சூரியனுக்கு, அதற்கும் அடுத்த நாள் மாட்டுக்கு, சோழர் காலத்தில் இதற்குப் 'புதியீடு' என்று பெயர் என்றெல்லாம் அளந்துவிட்டு, நன்றியுணர்வே தமிழன் என்று முடித்து, ஒரு சால்வையோடு திரும்புவேன். பாதிச் சரக்கு என் நைனாவுடையது. நைனா வருஷம் முழுக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயி. மாட்டுப் பொங்கலன்று மட்டும் அறிஞர்.

"தெனமும் எண்ணெ தேச்சிக் குளிங்க, மாசத்துக்கு ஒரு வாட்டி துன்னுங்கன்னு சொல்லச் சொல்லி சிவன் நந்திய அனுப்புனாரு. இவுரு பூமிக்கு வந்து அப்டியே மாத்திச் சொல்லிட்டாரு. சரி, இனிமே தெனமும் துன்றதுக்கு நெல்லு வேணுமே, நீயே போயி ஏர் இழுன்னுட்டாரு" என்று அவர் தொழுவத்தின் முன் நின்று சொல்ல, தெருவே தலையாட்டும். அதாவது நம் நன்றித் திருநாளின் வேரில் இருப்பது ஓர் ஆயுள் தண்டனை. தண்டித்தவரைத் தினமும் கும்பிடுகிறோம். அனுபவிக்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு நாள், கொம்புக்குப் பெயிண்ட்.

சிங்கவரம் போகும் வழியில் எங்களுக்கு நாலு ஏக்கர் நிலமும் வெள்ளை என்றொரு மாடும் இருந்தன. ஏருக்கு இரண்டு மாடு வேண்டும். இரண்டாவது மாடு, செவலை, காலனியில் இருந்த முனுசாமியுடையது. சொந்தமாக ஒரு முழம் நிலம் இல்லாத முனுசாமி, செவலையை எங்கள் வெள்ளையோடு பூட்டி எங்கள் நிலத்தையும் அக்கம்பக்கத்து நிலங்களையும் உழுதார். அதில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. அவருக்கு நைனாவின் வயது. பத்து வயதில் நான் அவரை 'டேய்' போடாமல் 'முனுசாமி' என்று மட்டும் கூப்பிட்டதையே பெரிய மரியாதையாக நினைத்திருந்தேன்.

அந்த வருஷமும் அவர் இரண்டு மாடுகளையும் ஏரியில் தேய்த்துக் குளிப்பாட்டி, கண்ணாடிச் சில்லால் கொம்பு சீவி, பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். ஆளுக்கு ஒரு பிடி, முந்திரி போடாத வெள்ளைப் பொங்கல், இலையில் வைக்கப்பட்டது. நைனா இரண்டாவது பிடி அள்ளியபோது முனுசாமி தடுத்தார். "வேணாங்க. சோறு மாட்டுக்கு ஆவாது. ஒரு பிடி சாமிக்கு, அத்தோட வுட்டுடணும்." பிறகு அவர் துண்டை விரித்து வாசலிலேயே தம் பங்குப் பொங்கலையும் ஒரு புது வேட்டியையும் வாங்கிக்கொண்டார். சூரியன், வெள்ளை, செவலை, முனுசாமி; நன்றி சொல்வதற்கு எங்கள் வீட்டில் ஒரு வரிசை இருந்தது. சாயங்காலம் ஊர்வலத்துக்கு வந்து ஓட்டிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

நந்தி கதை எனக்குள் வேலை செய்துவிட்டது. ஒரு பிடிச் சோற்றில் தீர்கிற நன்றியா இது என்று பொங்கினேன். நைனாவை மிஞ்சிவிடும் ஆசையும் கூடவே பொங்கியது. மறுநாள் காணும் பொங்கலுக்குக் கோட்டைக்கு எடுத்துப் போக அம்மா ஒரு தவலை சர்க்கரைப் பொங்கல் மூடி வைத்திருந்தார். தட்டுத் தட்டாக அள்ளினேன். வெள்ளை முட்டும் மாடு, கிட்டே போக முடியாது. செவலை சாது. ஆகவே மொத்த நன்றியும் செவலைக்கே போயிற்று. உப்புக் காகிதம் போன்ற நாக்கால் அது என் உள்ளங்கையைக் கடைசிப் பருக்கை வரை நக்கியது. குணங்கெட்ட எங்கள் மாடு அதனால் பிழைத்தது.

ஊர்வலத்துக்குப் பறை கேட்கத் தொடங்கியபோது செவலை எழுந்திருக்கவில்லை. இடப்பக்க வயிறு ஏறிக்கொண்டே போனது. அரசு மாட்டாஸ்பத்திரி பண்டிகைக்குப் பூட்டு. முனுசாமி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "உப்பசம்" என்றார். நேரே என்னிடம் வந்து குந்தினார்.

"சின்னவரே, சோறு எதுனா வெச்சீங்களா? திட்ட மாட்டேன். கொடி துன்ன உப்பசத்துக்கு வேற வைத்தியம், சோறு துன்னதுக்கு வேற. சோறுன்னா தண்ணி காட்டக் கூடாது, சோடா உப்பு கரைச்சி ஊத்தணும். வெச்சிருந்தா எவ்ளோன்னு சொல்லுங்க, போதும்."

நைனா பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் வெக்கல" என்றேன்.

"என் புள்ள பொய் சொல்ல மாட்டான்பா. மல்லாட்டக் கொடியத்தான் மேஞ்சிருக்கும்" என்றார் நைனா.

மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் ஊற்றினார்கள். நடத்திப் பார்த்தார்கள். அது தாகத்தில் தவித்தது. தொட்டி நிறையத் தண்ணீர் காட்டினார்கள். உள்ளே அம்மா காலித் தவலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

விடியும்போது செவலை போய்விட்டது. முனுசாமி அதன் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்தார். உள்ளங்கையில் பாதி முந்திரி.

"உன் வூட்ல இன்னாத்தப்பா போட்ட?" என்றார் நைனா.

"என் வூட்டுப் பொங்கல்ல முந்திரி ஏதுங்க?"

நைனாவுக்குப் புரிந்துவிட்டது. அறிஞருக்குப் பேச்சுக்கா பஞ்சம்? "மாட்டுப் பொங்கலுக்குப் போற உசுரு நேரா கைலாசம் போவுதுடா. நீ குடுத்து வெச்சவன்."

"அப்ப நாளைக்கி ஏர் இழுக்க யாருங்க வருவாங்க? சிவனா?"

நைனா உள்ளே போய் இன்னொரு புது வேட்டி கொண்டுவந்து நீட்டினார். முனுசாமி அதைப் பிரித்துச் செவலையின் மேல் போர்த்திவிட்டுப் போனார். என் பக்கம் திரும்பவேயில்லை.

நாங்கள் கோட்டைக்குப் போனோம். பொங்கல் இல்லாததால் புளிச்சோறு. களஞ்சியத்தின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டபடி, ராஜாக்கள் இதில் எவ்வளவு நெல் கொட்டிவைத்தார்கள் என்று நைனா விளக்கினார். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அந்த விதைப்புப் பட்டத்துக்கு டிராக்டர் வந்தது. முனுசாமி பெண்டாட்டியோடு பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனார்.

இந்த வருஷம் வல்லத்தில் பொங்கல் கூட்டம். எனக்கு முன்னால் பேசிய கால்நடை டாக்டரம்மா, மாட்டுக்கு நன்றி சொல்லுங்கள், சோறு போடாதீர்கள் என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார். நான் வழக்கம்போல் நந்தியில் ஆரம்பித்து நன்றியில் முடித்தேன். கீழே இறங்கியதும் அவர் வந்தார்.

"நான் முனுசாமி பொண்ணுங்க. உங்க பேச்சு ரேடியோல வந்தா எங்க நைனா வுடாமக் கேப்பாரு."

"என்ன சொல்வார்?"

"'நல்லாத்தான் பேசுது. எவ்ளோ வெச்சுதுன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது'ன்னுவாரு."

அவரை இப்போதே பார்க்கலாமா என்று கேட்டேன்.

"ஐப்பசில போயிட்டாருங்க" என்றவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கோ ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறதாம், கிளம்பிவிட்டார்.

எங்கள் தெருவில் இப்போது உழவு மாடே இல்லை. டிராக்டருக்குச் சந்தனம் வைத்து, அதன் முன் இலை போட்டுப் படைக்கிறார்கள். அது ஒரு பருக்கையும் தின்பதில்லை. நம் நன்றியிலிருந்து தப்பிக்க அதற்குத் தெரிந்திருக்கிறது. கேட்டவரும் இல்லை, தின்றதும் இல்லை, இனி இந்தப் பதிலால் யாருக்கும் வைத்தியம் பார்க்க முடியாது.

அஞ்சு தட்டு வெச்சேங்க, முனுசாமி அண்ணே.